தாழ்வு மண்டலம்

அம்மாவிடம் ஜிம்முக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ட்ராக் பேண்ட், ஷூ, தோளில் ஒரு துண்டு. ஏழரைக்குத் திரும்பி வரும்போது சட்டையில் ஒரு பொட்டு வேர்வை இருக்காது. அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. "ஏசி ஜிம் போலிருக்கு" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் அவளே ஒரு காரணம் சொல்லியிருக்கிறாள். அது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் போய்க்கொண்டிருந்தது கோடம்பாக்கம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடிக்கு. கீழே ஜெராக்ஸ் கடை. மேலே வார நாட்களில் பரதநாட்டிய வகுப்பு நடக்கும் ஹால். சுவர் முழுக்கக் கண்ணாடி. சனிக்கிழமை மட்டும் அந்தக் கண்ணாடியைப் பழைய பெட்ஷீட்டால் மூடிவிட்டு, எட்டு ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். மனச்சோர்வோடு வாழ்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிற இடம். வாசலில் போர்டு கிடையாது. விளம்பரம் கிடையாது. மருத்துவர் சொல்லி வருவார்கள், அல்லது ஏற்கெனவே வருகிற யாராவது சொல்லி வருவார்கள்.

(இதில் வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்பது குழுவின் முதல் விதி. இங்கே எழுதியிருப்பவற்றுக்கு உரியவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

முதல் வாரம் நான் படியேறவில்லை. எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று யார் யார் மேலே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்போல. யாரைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. டிபன் பாக்ஸ் பையோடு ஒரு அம்மா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறிய ஒரு பையன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். கல்யாண மண்டப வாசலில் பார்க்கிற மாதிரி சாதாரண ஜனங்கள். மூன்று டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா ராகி கஞ்சி வைத்திருந்தாள், ஜிம்முக்குப் போகிற பிள்ளைக்கு.

*

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், 2021இல், எனக்கு அது வந்திருந்தது. 'வந்தது' என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போய், பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே வாஷ்பேசின் முன்னால் நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேஸ்ட் காய்ந்திருந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்த காலம். கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் இருக்கலாம். நான்கு வரிக் கோடை நாற்பது முறை படிப்பேன், ஐந்தாவது வரிக்குப் போக முடியாது. எங்கள் வேலையில் ஒரு சர்வர் விழுந்தால் இரண்டு நிமிடத்தில் ஆறு பேருக்கு போன் போகும். நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்து லாக் பார்ப்போம். நான் விழுந்துகிடந்த நான்கு மாதமும் ஆபீஸ் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. அது அணையாமல் இருக்க மவுஸை மட்டும் அவ்வப்போது அசைப்பேன். அன்றன்றைக்கு எனக்கு இருந்த மொத்தத் தெம்பும் அதற்கே சரியாகப் போனது.

அம்மா கண்பட்டிருக்கிறது என்றாள். வடபழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா, "எல்லாருக்கும் டென்ஷன் இருக்கத்தான் செய்யும்" என்றார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் மொழியிலேயே இது குழப்பமாகத்தான் இருக்கிறது. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம், டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம். டெட்லைன் நெருக்கும்போது வருவதும், எழுந்து தண்ணீர் குடிக்க முடியாமல் படுத்துக் கிடப்பதும் ஒரே சொல்லுக்குள் அடைந்துவிட்டால், "லீவு போட்டு எங்கயாச்சும் போய்ட்டு வா" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 'மனச்சோர்வு' கொஞ்சம் பொருத்தமான சொல். ஆனால் அதையும் 'சோர்வுதானே, தூங்கினா சரியாயிடும்' என்று கேட்டுவிட முடியும்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரை எழுதினார். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நிறுத்துவதானால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றார். மூன்றாவது முறை போனபோது, "இதைப் பத்தி யார்கிட்டயாவது பேசறீங்களா?" என்று கேட்டார். உங்களிடம்தான் என்றேன். "எங்கிட்ட நீங்க மாசத்துக்குப் பத்து நிமிஷம் பேசறீங்க" என்று சொல்லி, சீட்டின் பின்பக்கத்தில் அந்த நாட்டிய வகுப்பின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

*

இரண்டாவது சனிக்கிழமை ஏறிவிட்டேன். 2022 பிப்ரவரி. எல்லோரும் மாஸ்க்கில் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

குழுவை நடத்துகிற அக்கா மருத்துவர் இல்லை. பதினைந்து வருடமாக இந்த நோயோடு இருக்கிறவர். பயிற்சி எடுத்துக்கொண்டவர். விதிகளைச் சொன்னார். பெயர் மட்டும் போதும், ஊர் வேலை ஜாதகம் வேண்டாம். கேட்காமல் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. மாத்திரை பெயர், மில்லிகிராம் கணக்கு பேசக் கூடாது, அது டாக்டர் வேலை. பேச விருப்பமில்லை என்றால் தன் முறை வரும்போது "பாஸ்" என்று சொன்னால் போதும், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான்கு வாரம் "பாஸ்" சொன்னேன். நிஜமாகவே யாரும் கேட்கவில்லை. இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்தால் யாராவது ஒருவர் "ஏன் டல்லா இருக்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் பேசினார். குளிக்க முடியாததைப் பற்றி. "பக்கெட்ல தண்ணி புடிச்சு வெச்சிட்டு, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன். தண்ணி சத்தம் கேட்டா வீட்ல குளிக்கிறேன்னு நினைச்சுப்பாங்க. அப்பப்ப மக்கால மொண்டு தரையில ஊத்துவேன். அப்புறம் தலைமுடியை மட்டும் நனைச்சுக்கிட்டு வெளிய வருவேன்."

நானும் அதையே செய்திருக்கிறேன். அதே பக்கெட், அதே மக், அதே தலைமுடி. உலகத்தில் நான் ஒருவன்தான் இவ்வளவு கேவலமான ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் முறை வந்தபோது, "நானும் தரையில ஊத்துவேன்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் அது அப்படித்தான்.

*

வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் சினிமாவில் லைட்மேனாக இருந்தவர். முப்பது வருடத்துக்கு மேல். எல்லோருக்கும் அண்ணன். முதல் இரண்டு மாதம் என்னை "சார்" என்றார். நான் "அண்ணே, சார் வேணாம்" என்று சொல்லச் சொல்ல, "பழகிப்போச்சு சார், பேண்ட் போட்டவங்களை எல்லாம் அப்படித்தான் கூப்புடுவோம்" என்பார்.

ஒருநாள் அவர் சொன்ன கதையை நான் மறக்க மாட்டேன். மெட்ராஸ்காரர்களுக்கு 'கீழ்ப்பாக்கம்' என்பது ஓர் ஊரின் பெயர் மட்டும் இல்லை, அது ஒரு வசவு. அங்கே 1871இலிருந்து மனநல மருத்துவமனை இருக்கிறது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்றால் பள்ளிக்கூடப் பையனுக்கும் அர்த்தம் தெரியும். அந்தக் கேலியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கோடம்பாக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிழிந்த சட்டை, தலையில் செடி, கையில் குச்சி என்று எத்தனை காமெடி டிராக் பார்த்திருப்போம்.

"அந்த மாதிரி ஒரு சீனுக்கு நான் லைட் புடிச்சிருக்கேன்" என்றார் அண்ணன். "ரெண்டு கால்ஷீட். நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் எனக்கு இது வந்தப்ப, டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. எனக்கு அந்த சீன்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. எட்டு வருசம் போகல."

யாரும் எதுவும் சொல்லவில்லை. ஹெல்மெட் பையன் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான்.

வெளியே இருந்தால் நானும் அண்ணனும் ஒரே டீக்கடையில் நின்றாலும் பேசியிருக்க மாட்டோம். நான் அவரை ஒருமுறைகூடக் கவனித்திருக்க மாட்டேன் என்பதே உண்மை. அந்த வட்டத்தில் மட்டும் அவர் எனக்கு சீனியர். பெரிய லைட்டுகள் போய் எல்ஈடி வந்தபிறகு கால்ஷீட் குறைந்தது, பேட்டா நின்றது, பகலெல்லாம் படுத்தே கிடந்தது என்று அவர் சொல்லும்போது, சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த எனக்கு என்ன வந்தது என்ற குற்றவுணர்ச்சி தோன்றும். அதைச் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாக, "இதுல என்ன தம்பி கணக்கு? காய்ச்சல் சம்பளம் கேட்டுட்டா வருது?" என்றார். அதன்பிறகு சார் இல்லை, தம்பிதான்.

*

இன்ஜினியர் புத்தி. ஒன்று வேலை செய்தால் ஏன் வேலை செய்கிறது என்று பார்க்கத் தோன்றும். தேடிப் படித்தேன்.

இந்த வட்ட நாற்காலி ஏற்பாட்டின் பழைய மாதிரி குடிநோயாளிகளிடம் இருந்து வருகிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்கிற பங்கு வியாபாரியும் பாப் ஸ்மித் என்கிற மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள். இன்னொரு குடிகாரனிடம் பேசிக்கொண்டிருக்கும்போது தனக்குக் குடிக்கத் தோன்றவில்லை என்பதை வில்சன் கண்டுகொண்டார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கே தொடங்கியது. சென்னையில் 1980இல், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். அடையாறு பக்கம் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காக 'சினேகா'வைத் தொடங்கினார். அங்கே போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்களின் முதல் வேலை கேட்பது. மருத்துவரல்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு பயன் உண்டு என்பதை இந்த ஊர் நாற்பது வருடமாக அறிந்துதான் வைத்திருக்கிறது.

மனச்சோர்வுக்கும் அது பொருந்துமா? 2003இல் உகாண்டாவின் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் வந்தன. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ளவர்களை வாரம் ஒருமுறையாக 16 வாரம் குழுவாக உட்காரவைத்தார்கள். குழு அமையாத கிராமங்களைவிட அங்கே சோர்வு வெகுவாகக் குறைந்தது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்கிற மனநல மருத்துவர் 2006இல் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சில் உட்காரவைத்தார். 'நட்பு பெஞ்ச்' என்று பெயர். அங்கே ஷோனா மொழியில் இந்த நோய்க்கு வழங்கும் சொல்லுக்கு 'ரொம்ப யோசிப்பது' என்று அர்த்தம். எங்கள் பாட்டியும் என்னைப் பற்றி அதைத்தான் சொன்னாள்: "புள்ள ரொம்ப யோசிக்குது." பெஞ்சில் பேசி முடித்தவர்கள் பிறகு ஒரு குழுவில் சேர்ந்து, பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் திறக்கும் என்பது பூ தொடுக்கிற, அப்பளம் இடுகிற நம் பெண்களுக்குப் புதிதில்லை.

2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, சக நோயாளிகளின் ஆதரவு கிடைத்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சோர்வு அதிகம் குறைந்தது என்று சொல்கிறது. ஏன் என்பதற்கு ஃப்ராங்க் ரீஸ்மன் 1965லேயே ஒரு பதில் எழுதியிருக்கிறார்: உதவி பெறுகிறவரைவிட உதவுகிறவருக்கே அதிக நன்மை நடக்கலாம். மனச்சோர்வு நம்மிடம் விடாமல் சொல்கிற பொய் 'உன்னால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை' என்பது. "நானும் தரையில ஊத்துவேன்" என்று நான் சொன்னதும் அந்த டீச்சரின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அந்தப் பொய்க்கு விழுந்த முதல் அடி அது. எந்த மாத்திரையாலும் எனக்கு அதைத் தந்திருக்க முடியாது.

*

இப்படி எழுதிவிட்டு முடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆனால் நான் தேறியதும் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட்டில் நன்றாகவே இருந்தேன். டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். குழுவுக்குப் போவதையும் நிறுத்தினேன். மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் அசட்டுத் துணிச்சல். குழுவை நிறுத்தியதற்குக் காரணம் அதைவிட மோசம். எனக்கு அவர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நான் நோயாளியாக இருந்ததை அறிந்த எட்டு பேர் அவர்கள். அண்ணனையும் டீச்சரையும், ஒரு பழைய கடன்காரனைத் தவிர்ப்பதுபோல் தவிர்த்தேன். ஒருமுறை பவர் ஹவுஸ் ஸ்டாப்பில் ஹெல்மெட் பையனைப் பார்த்து, போனில் பேசுவதுபோல் நடித்துக்கொண்டு திரும்பி நின்றேன்.

அக்டோபர் கடைசியில் மழை தொடங்கியது. பிரஷ்ஷில் பேஸ்ட் மறுபடி காய்ந்தது.

விருப்பமுள்ளவர்கள் போன் நம்பரைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று குழுவில் ஓர் ஏற்பாடு உண்டு. அண்ணனிடம் என் நம்பர் இருந்தது. ஆகஸ்ட்டிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். எழுத்துப் பிழையோடு ஒரே வரி: "தம்பி சாப்டிங்களா." ஏன் வரவில்லை என்று ஒருமுறையும் கேட்கவில்லை. நான் ஒருமுறையும் பதில் போடவில்லை. நவம்பரில் அதைப் பார்க்கும்போது எரிச்சலாக வரும். அப்புறம், சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் போன் ஒலிக்கிறதா என்று காத்திருக்கத் தொடங்கினேன்.

2022 டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்தால் சனிக்கிழமை. தெருவில் மரங்கள் விழுந்து கிடந்தன. அன்றைக்கு மத்தியானமே மெசேஜ் வந்தது: "தம்பி மரம் கெடக்கு பாத்து வாங்க. ரூம் தொறப்போம். சாப்டிங்களா."

வரச் சொல்லவில்லை. வருவேன் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். கரண்ட் இல்லை. அண்ணன் எங்கிருந்தோ ஒரு எமர்ஜென்சி விளக்கைக் கொண்டுவந்து, முகத்தில் நேராக அடிக்காதபடி சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். ஹெல்மெட் பையன், "வங்கக் கடல்ல ஒரு தாழ்வு மண்டலம்னா நியூஸ்ல இருபத்து நாலு மணி நேரமும் சொல்றான். இங்க நாலு தாழ்வு மண்டலம் உக்காந்திருக்கு, ஒருத்தனும் கேக்கல" என்றான். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே.

அன்றைக்கு நான்தான் அதிகம் பேசினேன். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். பவர் ஹவுஸில் திரும்பி நின்றதைச் சொன்னேன். "பாத்தேன் ப்ரோ. நானும்கூட ரெண்டு பேரைப் பாத்து அப்படித் திரும்பி நின்னிருக்கேன்" என்றான் பையன். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறீங்களா? யாராச்சும் கூட வரட்டுமா?" அண்ணன் கூட வந்தார்.

அந்தப் புயல் கரையைக் கடந்ததும் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. வலுவிழந்து, மறுபடி தாழ்வு மண்டலமாகி, அப்புறம்தான் கலைந்தது. நான் மீண்டு வந்ததும் அந்த வரிசையில்தான்.

*

குழு சிகிச்சைக்கு மாற்று இல்லை. அங்கே போவதால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியாக நடத்தப்படாத குழு ஆபத்தும்கூட. யார் துயரம் பெரியது என்று போட்டி போட்டுக்கொண்டு, எல்லோரும் இன்னும் பாரத்தோடு வீடு திரும்பிய ஒரு சனிக்கிழமையும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தார்: கிளம்பும் முன் ஒவ்வொருவரும் இந்த வாரம் செய்யப்போகிற ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல வேண்டும். தலையணை உறை மாற்றுவேன் என்பதுபோல.

வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்கிற பெண்களால் 'ஜிம்' என்று சொல்லிவிட்டு வர முடியாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சனிக்கிழமை வரை காத்திருக்கவும் கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். சொன்னால் போலீஸ் வரும் என்று பயந்து மறைக்கிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அக்கா இதை மாதம் ஒருமுறையாவது சத்தமாகச் சொல்லுவார்.

அம்மாவிடம் போன வருடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப அந்தக் கஞ்சி?" என்றாள். குடித்தேனே என்றேன். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு தூக்கில் சுண்டல் கொடுத்தனுப்புகிறாள். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

இந்த வருடம் தை பிறந்ததிலிருந்து அண்ணன் வரவில்லை. முதல் வாரம் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். இரண்டாவது வாரம் நான் மெசேஜ் போட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "அண்ணே சாப்டிங்களா." இரண்டு டிக் விழுந்தது, பதில் இல்லை. அக்கா அவர் மகளிடம் பேசினார். வீட்டில்தான் இருக்கிறார், டாக்டரைப் பார்த்தாயிற்று, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லையாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வரியை அனுப்பினேன். பதில் வராத மெசேஜை அனுப்பிக்கொண்டே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் எனக்கு நான்கு மாதம் அனுப்பியிருக்கிறார்.

ஏழாவது வாரம் கொஞ்சம் தாமதமாகப் போனேன். கண்ணாடியை பெட்ஷீட் மூடியிருந்தது. வட்டத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், சவரம் செய்யவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. சுண்டல் தூக்கை வைத்துவிட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவராகப் பேசி அவர் முறை வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே "பாஸ்" என்றார்.

அடுத்து நான். பேசினேன்.